ரூ.60 ஆயிரத்தில் ஹோம் ஸ்டுடியோ: மானிட்டரா, இன்டர்ஃபேஸா, அறையா... பணம் எங்கே போக வேண்டும்?

2020 ஜனவரி 26. லாஸ் ஏஞ்சலிஸில் கிராமி விருது விழா. 18 வயதான பில்லி ஐலிஷ், ஆண்டின் சிறந்த ஆல்பம் உள்ளிட்ட நான்கு முக்கிய விருதுகளையும் ஒரே இரவில் அள்ளிச் சென்றார். அந்த ஆல்பத்தின் பெரும்பகுதி பெரிய ஸ்டுடியோ எதிலும் பதிவானதல்ல. ஹைலேண்ட் பார்க் பகுதியில் உள்ள பெற்றோர் வீட்டில், அண்ணன் ஃபினியஸின் சின்ன பெட்ரூமில் பதிவானது.

அடுத்த சில நாள்களில் அந்த பெட்ரூமில் என்னென்ன கருவிகள் இருந்தன என்ற பட்டியல் உலகம் முழுக்கச் சுற்றியது. யமஹா ஹெச்எஸ்5 ஸ்பீக்கர்கள், ஒரு சப்-வூஃபர், யுனிவர்சல் ஆடியோ நிறுவனத்தின் அப்போலோ இன்டர்ஃபேஸ், லாஜிக் ப்ரோ மென்பொருள். 'அட, இவ்ளோதானா? நாமும் வாங்கிடலாமே' என்று பலருக்கும் தோன்றியது.

ஆனால் ஒரு விஷயம் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர் ராப் கினெல்ஸ்கி. மாஸ்டரிங் செய்தவர் ஜான் கிரீன்ஹாம். அதாவது, பாடல் எழுதி, பாடி, பதிவு செய்தது பெட்ரூமில். கடைசிக்கட்ட ஒலி வேலை வேறு இருவரின் காதுகளுக்குப் போனது.

ஹோம் ஸ்டுடியோ தொடங்க நினைக்கும் எல்லோருக்குமான முதல் கேள்வி இங்கேதான் இருக்கிறது. வீட்டில் நீங்கள் செய்யப்போவது பதிவா, மிக்ஸிங்கா, இரண்டுமா? இதற்குப் பதில் தெரியாமல் கார்டைத் தேய்த்தால், இஎம்ஐ மட்டும்தான் கரெக்டாக ஓடும்.

இன்டர்ஃபேஸ் என்றால் என்ன, மானிட்டர் என்றால் என்ன?

மைக்கில் இருந்து வரும் மிகச் சிறிய மின் சிக்னலைப் பெருக்கி, டிஜிட்டலாக மாற்றி கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். கம்ப்யூட்டரில் இருந்து வெளியே வரும் டிஜிட்டல் தகவலை மறுபடி ஒலி சிக்னலாக மாற்றி ஹெட்போனுக்கும் ஸ்பீக்கருக்கும் தருவதும் அதுவே.

மானிட்டர் என்பது இங்கே திரை அல்ல, ஸ்பீக்கர். சாதாரண ஹோம் தியேட்டர் ஸ்பீக்கருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வீட்டு ஸ்பீக்கரின் வேலை, பாட்டை அழகாகக் காட்டுவது. அதனால் பேஸைக் கொஞ்சம் ஏற்றி, ட்ரெபிளை மெருகேற்றித் தரும். ஸ்டுடியோ மானிட்டரின் வேலை, உள்ளதை உள்ளபடி சொல்வது.

பேஸைக் கூட்டிக் காட்டும் ஸ்பீக்கரில் மிக்ஸ் செய்தால், 'பேஸ் அதிகமா இருக்கே' என்று நீங்கள் குறைப்பீர்கள். அதே பாட்டு நண்பரின் காரில் ஓடும்போது சப்பென்று இருக்கும். தவறு உங்கள் காதில் இல்லை. ஸ்பீக்கர் சொன்ன தகவல் தவறு.

இதற்கு ஒரு சுவாரஸ்யமான வரலாறு உண்டு. 1978-ல் யமஹா வெளியிட்ட என்எஸ்-10 என்ற ஸ்பீக்கர், முதலில் வீடுகளுக்காகத்தான் விற்கப்பட்டது. பேஸ் குறைவு, கொஞ்சம் காரமான சத்தம். வீடுகளில் பெரிதாக எடுபடவில்லை. ஆனால் ஒலிப்பதிவாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். குரல் இருக்கும் நடுப்பகுதியில் உள்ள குறைகளை அது ஈவு இரக்கமில்லாமல் காட்டியதுதான் காரணம். 'இதில் நன்றாகக் கேட்டால் எதிலும் நன்றாகக் கேட்கும்' என்ற நம்பிக்கை பரவி, உலகின் பல ஸ்டுடியோக்களில் அந்த வெள்ளைக் கோன் இடம்பிடித்தது. கோனுக்கான மரக்கூழ் கிடைப்பதில் சிக்கல் ஏற்பட்டதால் 2001-ல் தயாரிப்பு நின்றது. இன்றைய ஹெச்எஸ் வரிசையின் வெள்ளைக் கோன் அதன் நினைவாகத்தான்.

இன்டர்ஃபேஸில் எதைப் பார்க்க வேண்டும்?

யூடியூப் ரிவ்யூக்களில் அதிகம் பேசப்படுவது 192 கிலோஹெர்ட்ஸ், 120 டெசிபல் டைனமிக் ரேஞ்ச் போன்ற எண்கள். உண்மையில் உங்கள் வேலையைத் தீர்மானிக்கும் எண்கள் வேறு.

*ஒன்று, இன்புட் எண்ணிக்கை.* வாய்ஸ் ஓவர் மட்டும் என்றால் ஒரு மைக் இன்புட் போதும். கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுபவருக்கு இரண்டு வேண்டும். மிருதங்கத்துக்கு வலந்தலை, தொப்பி என இரு பக்கமும் மைக் வைப்பதென்றால் அதற்கே இரண்டு போய்விடும். பாடகரும் சேர்ந்தால் மூன்று. ட்ரம்ஸ் கிட் என்றால் எட்டு. 'எத்தனை பேரை ஒரே நேரத்தில் பதிவு செய்வேன்?' என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 'பின்னாடி தேவைப்படும்' என்று எட்டு இன்புட் வாங்கி, ஆறை காலியாக வைத்திருப்பவர்களே அதிகம்.

*இரண்டு, கெயின்.* பாட்காஸ்ட் வீடியோக்களில் அடிக்கடி தென்படும் ஷூர் எஸ்எம்7பி மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் தேவை என்று அந்த நிறுவனமே சொல்கிறது. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறை தருவது 56 டெசிபல். 2023-ல் வந்த நான்காம் தலைமுறை தருவது 69 டெசிபல். பெயர் ஒன்றுதான், தலைமுறை வேறு. தள்ளுபடியில் பழைய மாடலை வாங்கிவிட்டு, 'சத்தமே வரல' என்று இன்னொரு பூஸ்டருக்குச் செலவு செய்தால் தள்ளுபடி எங்கே போனது?

*மூன்று, 48 வோல்ட் ஃபேண்டம் பவர்.* கண்டென்சர் மைக் வேலை செய்ய இது கட்டாயம். பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் இருக்கும். ஆனாலும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. ஏன் 48 என்று யோசித்திருக்கிறீர்களா? 1966-ல் நார்வே ஒலிபரப்புக் கழகத்துக்காக நியூமன் நிறுவனம் இந்த முறையை உருவாக்கியபோது, அங்கே அவசர விளக்குகளுக்கு ஏற்கெனவே 48 வோல்ட் மின்சாரம் இருந்தது. அதையே பயன்படுத்திக்கொண்டார்கள். உலகமே இன்றும் அதைப் பின்பற்றுகிறது.

*நான்கு, லேட்டன்சி.* நீங்கள் பாடுவது கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பி ஹெட்போனுக்கு வர ஆகும் தாமதம் இது. 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 128 என்றால் ஒரு வழிக்குச் சுமார் 2.7 மில்லிசெகண்ட். பஃபர் 512 என்றால் 10.7 மில்லிசெகண்ட். போக வர இரட்டிப்பாகி 20-ஐத் தாண்டும்போது, பாடகருக்குத் தன் குரலே எதிரொலிபோலக் கேட்டுத் தாளம் தடுமாறும். விண்டோஸ் லேப்டாப் என்றால் நிறுவனத்தின் சொந்த ஏசியோ டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். 'டைரக்ட் மானிட்டர்' வசதி இருந்தால், கம்ப்யூட்டரைச் சுற்றாமலேயே உங்கள் குரலைக் கேட்கலாம்.

அப்படியென்றால் 120 டெசிபல் என்பது சும்மாவா?

சும்மா இல்லை. ஆனால் வீட்டில் அது பயன்படும் இடம் குறைவு. மைக்குக்கு அருகே பேசும் குரல் சுமார் 80 முதல் 85 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். ஃபேன் ஓடும் அறையின் சத்தம் சுமார் 40 முதல் 45. வித்தியாசம் ஏறக்குறைய 40 டெசிபல்தான். இன்டர்ஃபேஸ் 110 தந்தாலும் 120 தந்தாலும் உங்கள் பதிவின் அடியில் கேட்கப்போவது ஃபேன்தான். சுவிட்சை அணைப்பதால் கிடைக்கும் தெளிவை, இரண்டு மடங்கு விலை உள்ள இன்டர்ஃபேஸ் தராது.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் பாட்டு, வீடியோ இரண்டுக்கும் போதுமானது. உச்ச சத்தம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருக்கும்படி கெயின் வையுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் அதைப் பின்னர் எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

இன்னொன்று. ஒரே விலை வரிசையில் உள்ள பெட்டிகளுக்குள் இருக்கும் சிப்கள் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களுடையவை. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபேயோகாவில் அசாஹி கசெய் மைக்ரோடிவைசஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை எரிந்தபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. ஒலியை டிஜிட்டலாக மாற்றும் சிப்களுக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பல பிராண்டுகள் வேறு சிப்புக்கு மாறித் தங்கள் கருவிகளை மறுவடிவமைப்பு செய்தன. வெவ்வேறு பெயர், வெவ்வேறு நிறம். உள்ளே பல நேரம் உறவினர்கள்தான். ஆகவே 'எந்த பிராண்டு சவுண்டு பெஸ்ட்?' என்று மாதக்கணக்கில் குழம்புவதைவிட டிரைவர், கெயின், சர்வீஸ் சென்டர் மூன்றையும் ஒப்பிடுவது பயன் தரும்.

மானிட்டர்: 5 இன்ச்சா, 8 இன்ச்சா?

பெரிது நல்லது என்று நினைப்பது இயல்பு. ஆனால் விடையைச் சொல்வது உங்கள் அறை.

நம்மூர் பெட்ரூம்கள் பலவும் 10-க்கு 10 அடி. கூரையும் ஏறக்குறைய 10 அடி. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் பயணிக்கிறது. 10 அடி இடைவெளியில் எதிரெதிரே இருக்கும் இரு சுவர்களுக்கு இடையே 56 ஹெர்ட்ஸ் அலை சரியாகப் பொருந்தி நின்றுவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்று திசையிலும் அதே 56 ஹெர்ட்ஸ் குவியும். பேஸ் கிட்டாரின் 'ஏ' தந்தி 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு ஸ்வரம் வரும்போது மட்டும் அறை 'கும்'மென்று குலுங்கும். அடுத்த ஸ்வரம் காணாமல் போகும்.

இதோடு முடியவில்லை. அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அதே 56 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட கேட்காது. சுவரை ஒட்டி உட்கார்ந்தால் மிக அதிகமாகக் கேட்கும். அதாவது, நாற்காலியை நான்கடி நகர்த்தினால் வேறு ஸ்பீக்கர் வாங்கியதுபோல் இருக்கும். முன்சுவரில் இருந்து அறை நீளத்தின் 38 சதவீதத்தில், 10 அடி அறையில் சுமார் 4 அடியில், உட்காருவது பொதுவான தொடக்கப் புள்ளி. அங்கிருந்து முன்னே பின்னே நகர்ந்து கேட்டுப் பாருங்கள்.

இந்த அறையில் 8 இன்ச் ஸ்பீக்கரை வைத்தால் கிடைப்பது நல்ல பேஸ் அல்ல, அதிகக் குழப்பம். 5 இன்ச் ஸ்பீக்கர் இங்கே பாதுகாப்பான தேர்வு.

ஸ்பெக் ஷீட் படிக்கும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. ஹெச்எஸ்5 '54 ஹெர்ட்ஸ் வரை' இறங்கும் என்று இருக்கும். அது மைனஸ் 10 டெசிபலில் எடுத்த அளவு. அந்த இடத்தில் சத்தம் கிட்டத்தட்ட பாதியாகத்தான் காதுக்குத் தெரியும். மைனஸ் 3 டெசிபல் கணக்கில் பார்த்தால் அது 74 ஹெர்ட்ஸ். ஒரு நிறுவனம் மைனஸ் 10-லும் இன்னொன்று மைனஸ் 3-லும் எண் கொடுத்திருந்தால், இரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது.

விலையிலும் ஒரு பொறி உண்டு. பல மானிட்டர்கள் ஒற்றையாக விற்கப்படுகின்றன. 'செம ஆஃபர்' என்று ஆர்டர் போட்ட பிறகு பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒன்றுதான் இருக்கும். ஸ்டீரியோவுக்கு இரண்டு வேண்டும். 'ஜோடியா, ஒற்றையா' என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள்.

எங்கே வைப்பது?

இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம முக்கோணமாக இருக்க வேண்டும். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். மேசைமேல் படுக்க வைப்பது, ஜன்னல் திண்டில் ஏற்றுவது எல்லாம் வேண்டாம்.

பின்சுவர் இன்னொரு வில்லன். ஸ்பீக்கர் முகப்பு சுவரில் இருந்து 60 செ.மீ. தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 143 ஹெர்ட்ஸ் அருகே நேர் ஒலியை அடித்துவிடும். ஆண் குரலின் அடித்தளம் இருக்கும் இடம் அது. சின்ன அறையில் சுவருக்கு ஒரு சாண் இடைவெளிவிட்டு நெருக்கமாக வைத்து, அதனால் கூடும் பேஸை ஸ்பீக்கரின் பின்னால் உள்ள 'ரூம் கன்ட்ரோல்' ஸ்விட்சால் குறைப்பது எளிய வழி.

சத்தத்தின் அளவும் முக்கியம். மெதுவாகக் கேட்கும்போது நம் காதுக்கு பேஸ் குறைவாகவும், சத்தமாகக் கேட்கும்போது அதிகமாகவும் தெரியும். இதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். சின்ன அறையில் 70 முதல் 75 டெசிபல், அதாவது பக்கத்தில் இருப்பவரிடம் கொஞ்சம் குரல் உயர்த்திப் பேச வேண்டிய அளவு, போதும். வால்யூம் குமிழில் ஒரு குறி போட்டுவைத்து தினமும் அதே அளவில் வேலை செய்யுங்கள். பக்கத்து ஃபிளாட்டும் நன்றி சொல்லும்.

முட்டை அட்டை, ஃபோம் எல்லாம் உதவுமா?

முட்டை அட்டை உதவாது. மெல்லிய ஃபோம் கைதட்டல்போன்ற மேல் சத்தத்தின் எதிரொலியை மட்டும் குறைக்கும். 56 ஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கு நீளமே ஒன்றரை மீட்டர். அதை ஒரு இன்ச் ஃபோம் என்ன செய்யும்? நான்கு இன்ச் தடிமனில் ராக்வூல் அடைத்த, துணி சுற்றிய பேனல்களை மூலைகளிலும், பக்கச் சுவரில் ஒலி முதலில் பட்டுத் திரும்பும் இடங்களிலும் வைப்பதே பலன் தரும். உள்ளூர் தச்சரிடம் சட்டம் அடித்துச் செய்துகொள்ளலாம். பஞ்சு மெத்தை, துணி நிறைந்த அலமாரி, புத்தக ரேக் எல்லாம்கூட ஓரளவு உதவும்.

இவை அறைக்குள் இருக்கும் ஒலியைச் சீராக்கும். வெளியே இருந்து வரும் ஆட்டோ ஹாரனை நிறுத்தாது. சவுண்டு ப்ரூஃபிங் என்பது வேறு வேலை, வேறு பட்ஜெட்.

மின்சாரத்தைக் கவனித்தீர்களா?

ஸ்பீக்கரில் 'ங்ங்ங்' என்ற இரைச்சல் வந்தால் கருவியைத் திட்டுவதற்கு முன் பிளக் பாயிண்டைப் பாருங்கள். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த இரைச்சல் பெரும்பாலும் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ். லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் தரமான ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் இணையுங்கள். இன்டர்ஃபேஸுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே பேலன்ஸ்டு டிஆர்எஸ் கேபிள் போடுங்கள். பழைய வீடு என்றால் எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். இரைச்சல் நிற்க எர்த் பின்னைப் பிடுங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது உயிர் விஷயம்.

சரி, 60 ஆயிரம் ரூபாயை எப்படிப் பிரிப்பது?

*வாய்ஸ் ஓவர், பாட்காஸ்ட், டப்பிங் டெஸ்ட் அனுப்புபவர்:* மானிட்டரே வேண்டாம். மூடிய வகை ஹெட்போன், ஒரு நல்ல மைக், ஒன்று அல்லது இரண்டு இன்புட் இன்டர்ஃபேஸ், மீதியில் அறைக்குக் கனமான திரையும் பேனலும். 60 ஆயிரம் முழுதாகச் செலவாகவே தேவையில்லை.

*பாடி, வாசித்து, மிக்ஸை வேறு ஒருவரிடம் தருபவர்:* ஃபினியஸ் வழி இது. மைக், இரண்டு இன்புட் இன்டர்ஃபேஸ், ஹெட்போன் ஆகியவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு. மீதியை மிக்ஸிங் பொறியாளருக்கான சம்பளமாக எடுத்து வையுங்கள். மானிட்டர் அடுத்த வருடம் வாங்கலாம்.

*தானே மிக்ஸ் செய்து வெளியிட நினைப்பவர்:* மைக் ஏற்கெனவே கையில் இருந்தால், பாதிப் பணம் மானிட்டர் ஜோடிக்கு, கால் பங்கு இன்டர்ஃபேஸுக்கு, கால் பங்கு பேனல், ஸ்டாண்டு, கேபிளுக்கு. பலர் இந்தக் கடைசிக் கால் பங்கைத்தான் பூஜ்ஜியமாக்கி, அதைக்கொண்டு ஸ்பீக்கரை ஒரு படி உயர்த்துகிறார்கள். அறை சரியில்லாதவரை அந்த ஒரு படி காதுக்கு எட்டாது.

மென்பொருளுக்கு உடனே செலவு தேவையில்லை. மேக்கில் கராஜ்பேண்ட் இலவசம். ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம். இன்டர்ஃபேஸோடு எளிய பதிப்பு மென்பொருள் சேர்ந்தே வருவதும் உண்டு. அறையை அளக்க ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

வீட்டில் செய்தால் 'லோக்கலா' இருக்காதா?

இந்தக் கவலைக்குப் பதில் சென்னையிலேயே இருக்கிறது. ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு ஒட்டி அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டுடியோவில்தான் 1992-ல் வந்த 'ரோஜா' படத்தின் இசை உருவானது. வீடு என்பதல்ல அங்கே விஷயம். தன் அறை எப்படி ஒலிக்கும் என்று தெரிந்த ஒருவர், நேரக் கணக்குப் பார்க்காமல் திரும்பத் திரும்ப முயன்று பார்க்க முடிந்தது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை ஓடும் ஸ்டுடியோவில் கிடைக்காத சுதந்திரம் அது. ஹோம் ஸ்டுடியோவில் நீங்கள் உண்மையில் வாங்குவது அந்த நேரத்தைத்தான்.

பெட்டி வந்துவிட்டது. முதல் வேலை என்ன?

ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் இவற்றைச் செய்துவிடுங்கள். பில்லும் இந்திய வாரண்டியும் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டில் இருந்து நேரடியாக வந்த சரக்குக்கு இங்கே சர்வீஸ் மறுக்கப்படலாம். எல்லா இன்புட்டிலும் மைக்கைச் செருகி ஒரே வாக்கியத்தைப் பேசிப் பதிவு செய்து ஒப்பிடுங்கள். ஒரு மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்து 'டிக் டிக்' சத்தமோ துண்டிப்போ வருகிறதா என்று கேளுங்கள். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மோனோ குரலை ஓடவிடுங்கள். அது நடுவில் இருந்து வருவதுபோல் கேட்க வேண்டும்.

பிறகு, நீங்கள் நூறு தடவை கேட்டுப் பழகிய பத்துப் பாடல்களை அந்த ஸ்பீக்கரில் ஒரு வாரம் கேளுங்கள். உங்கள் அறையில் நல்ல மிக்ஸ் எப்படி ஒலிக்கும் என்று காது பழகிக்கொள்ளும். உங்கள் முதல் மிக்ஸ் முடிந்ததும் போன் ஸ்பீக்கர், இயர்பட்ஸ், கார் மூன்றிலும் போட்டுப் பாருங்கள். கேட்கப்போகிறவர்களில் பெரும்பாலானோர் அங்கேதான் இருக்கிறார்கள். குரல் மூன்றிலும் தெளிவாக நின்றால், பணம் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது.